மதகடி நாரைகள்

ஓர் ஏரியில் நாரைக் கூட்டம் ஒன்று இருந்தது. ஏரியின் மதகடியில்தான் மீன்கள் வந்து சேரும். ஆனால் அங்கே ஒரு நாரை நிற்கத்தான் இடம் உண்டு. கருஞ்சிறகி என்ற நாரை பல வருஷங்களாக அந்த இடத்தை வைத்திருந்தது. அது அலகைத் தூக்கினாலே மற்றவை ஒதுங்கிவிடும்.

ஒரு கோடையில் ஏரி வற்றி, மதகடிக் குட்டை மட்டும் மிஞ்சியது. சின்னமூக்கி என்ற நாரைக்குக் கூட்டில் இரண்டு குஞ்சுகள். ஒரே ஒரு வேளை மீன் பிடித்துக்கொள்கிறேன் என்று அது கருஞ்சிறகியிடம் கெஞ்சியது. கருஞ்சிறகி அதைக் கழுத்தில் கொத்தி விரட்டியது. மூன்றாம் நாள் இளைய குஞ்சு தலை தூக்கவில்லை.

வருஷங்கள் போயின. கருஞ்சிறகிக்கு ஒரு கண் மங்கியது. அலகுக்கு எட்டிய மீன் ஒருநாள் தப்பிப்போனதை எல்லா நாரைகளும் பார்த்தன. மறுநாள் அது அலகைத் தூக்கியபோது யாரும் விலகவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அது நாணல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. சண்டை போட்டு மதகடியைப் பிடித்தது சின்னமூக்கி.

மறுபடியும் வறட்சி வந்தது. கருஞ்சிறகி நொண்டிக்கொண்டே வந்து, சற்றுத் தள்ளி நின்றது. முன்பு அதட்டிய நாரை, இப்போது “நீங்கள்” போட்டுப் பேசியது. ஓரமாக நின்றுகொள்ளலாமா என்று கேட்டது.

இந்த நாளுக்காகத்தான் சின்னமூக்கி காத்திருந்தது.

“உன்னால் என் குஞ்சு செத்தது. ஞாபகம் இருக்கிறதா?”

கருஞ்சிறகி மங்காத கண்ணால் அதை உற்றுப் பார்த்தது.

“இல்லை. அந்தக் கோடையில் எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லாரையும் விரட்டினேன். எனக்கும் குஞ்சு இருந்தது.”

“அது எங்கே?”

“உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. நேற்று என் காலைக் கொத்தியது அதுதான்.”

சின்னமூக்கி திரும்பிப் பார்த்தது. கொழுத்த இளம் நாரை ஒன்று நின்றிருந்தது. அதன் பார்வை தாயின் மேல் இல்லை, மதகின் மேல் இருந்தது.

சின்னமூக்கி, கிழ நாரை நிற்கட்டும் என்று ஓரடி நகர்ந்து வழிவிட்டது.

நொண்டிக் கால் எட்டு வைப்பதற்குள் இளம் நாரை அந்த இடைவெளியில் வந்து நின்றது. பிறகு சின்னமூக்கியைப் பார்த்து அலகைத் தூக்கியது.

அன்று மாலை நாணல் ஓரத்தில் இரண்டு நாரைகள் நின்றிருந்தன.