ரோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

காதைக் கொடுங்கள், வாயைக் கொஞ்சம் பூட்டி வையுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதுவரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பூவாணிக்குளத்தில் பெண்களே நடத்தும் பால் சங்கம் ஒன்று உண்டு. அந்த வருஷம் தலைவி பதவிக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உலகம்மாள். இன்னொருத்தி அவள் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை வடிவு. மதினியும் நாத்தனாரும் எதிரெதிரே நின்றால் ஊருக்குக் கேட்கவா வேண்டும்? டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

உலகம்மாளுக்கு நாற்காலி ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை, பாலின் தரம் பார்க்கும் மிஷின் ஒன்றைச் சங்கத்துக்குக் கொண்டுவருவது. நல்ல பாலுக்கும் தண்ணீர்ப் பாலுக்கும் ஒரே விலை என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் அதைத்தான் கேட்டாள். வடிவோ மாட்டுக் கொட்டகைக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டாள். ஊர் சரிபாதியாக நின்றது.

சங்கத்தின் விதி இது: அவரவர் நேரில் வந்து, அவரவர் கையால் சீட்டைப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முன்பு வீட்டுக்காரர்கள் சிலர் பெண்டாட்டி ஓட்டைத் தாங்களே போட்டுவிட்டுப் போனதால், பெண்கள் சண்டை போட்டு உண்டாக்கிய விதி.

அந்தப் பங்குனியில் ஊருக்குள் அம்மை இறங்கியது. அம்மை கண்ட வீட்டார் கூட்டத்தில் தலைகாட்டவே கூடாது என்று நர்ஸம்மா வீடு வீடாகச் சொல்லிப் போனார். தேர்தல் நெருங்குவதற்குள் அம்மை கண்ட உறுப்பினர் வீடுகளிலெல்லாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்தது. அப்பாடா என்று இருந்தபோது, தேர்தலுக்கு முந்தின நாள், வடிவின் மகளுக்கு முத்துப் போட்டது. வாசலில் வேப்பிலை ஏறியது.

சங்கத்தில் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் செயலாளர் தளவாய் வடிவுக்குப் போன் போட்டார். "உன் ஓட்டு யாருக்குன்னு தெரிஞ்சதுதான தாயி. சொல்லு, நானே மடிச்சுப் போட்டுடுதேன்."

"அம்மை வீட்டுலேர்ந்து ஒரு கல் உப்புகூட வெளிய போகக் கூடாதும்பாங்க. ஓட்டு மட்டும் போகலாமாக்கும்? அடுத்தவங்க போடக் கூடாதுன்னுதான அண்ணாச்சி விதியே போட்டோம்" என்று வைத்துவிட்டாள் வடிவு.

மறுநாள் மதியம். உலகம்மாள் சீட்டும் கையுமாக வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் பேச்சி, நிறைமாதக்காரி.

"கோவிச்சுக்காதீங்க அக்கா, என் ஓட்டு வடிவு அக்காவுக்குத்தான்."

"வயித்துல இருக்கிறதையும் சேத்தா ரெண்டு ஓட்டுல்ல. அதுல ஒண்ணையாவது எனக்குப் போடச் சொல்லு."

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு உலகம்மாள் திரும்பியபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தடியில் வடிவு நிற்பதைப் பார்த்தாள். முக்காடும் முகத்தில் மாஸ்க்கும். இவள் போடாவிட்டால் நாம் ஜெயிக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? அம்மா தாயே என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, வரிசையை விட்டு ரோட்டோரம் வந்தாள்.

"புள்ளைய விட்டுட்டு இங்க எதுக்குடி வந்தே?"

"அத்தை பாத்துக்கிடுதாங்க. நான் கடைசி ஆளா வந்து ஓட்டைப் போட்டுட்டு ஓடிடுதேன் மதினி."

"உள்ள ஒரே ஒரு ஜன்னல். சீட்டு எண்ணுற வரைக்கும் உன் ஆளா பேச்சிதான் உள்ள உக்காரப்போறா. நிறைமாசம்."

வடிவு ஓரடி பின்னால் போய் மரத்தில் சாய்ந்தாள். "அப்ப தோத்துட்டுப் போன்னு சொல்றீங்க."

"நீயும் போடாத, நானும் போடல. சரிக்குச் சரி."

"நான் போன பொறவு நீங்க போடமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"சந்தேகம் புடிச்சவளே. நீ அங்கயே உக்காரு, நான் இங்கயே உக்காருதேன். பெட்டி மூடுற வரைக்கும்."

அப்படியே உட்கார்ந்தார்கள். போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். உலகம்மாள் தன் மிஷின் புராணத்தை எடுத்துவிட்டாள். வடிவு கொட்டகைக் கடனை எடுத்துவிட்டாள். லாரி போகும்போது மட்டும் பேச்சு நின்றது. உலகம்மாளின் வீட்டுக்காரர் சுடலைமுத்து இரண்டு இளநீர் வெட்டி வந்தார். தங்கைக்குரியதை நடு ரோட்டில் வைத்துவிட்டு விலகி நின்றார். "எடுத்துக்கோ. குடிச்சிட்டுக் கூட்டைத் திருப்பித் தர வேண்டாம்" என்றவர், "ரெண்டு பேரும் என் உசிரை வாங்கவே பொறந்திருக்கீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பெட்டி மூடியது. எண்ணினார்கள். வடிவு ஒரே ஓட்டில் ஜெயித்தாள்.

பிடித்துக்கொண்டது சண்டை. "உன் ஓட்டைப் போட்டிருந்தா சமமாகி, சீட்டுக் குலுக்கியிருப்பாங்களே, கெடுத்தியே" என்று உலகம்மாளின் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "முகத்தை மூடிக்கிட்டு வந்து போட்டிருக்கலாம், நேர்ல வரணும்ங்கிறதுதான விதி" என்றார்கள் வடிவின் ஆட்கள். "என்கிட்ட விட்டிருந்தா வெயில்ல காய வேண்டாமே" என்றார் தளவாய்.

எதிர்ப்பக்கம் வரை வந்தும் போடாத வடிவு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே போடாத உலகம்மாள், தானே போட்டுவிடுகிறேன் என்ற தளவாய். இப்போது பூட்டைத் திறந்து சொல்லுங்கள்: இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

விடை: தளவாய் சொன்னது லேசான வழிதான், ஆனால் பெண்கள் முன்வாசலில் விரட்டியதை அவர் அம்மையின் பெயரால் பின்வாசலில் கூட்டிவரப் பார்த்தார். வடிவு வந்தது அவசரம், நின்றது நல்ல புத்தி. முழுக்கச் சரி, உலகம்மாள் செய்தது. கூட்டிப் பாருங்கள், இருவருமே போட்டிருந்தாலும் வடிவு அதே ஒரு ஓட்டில்தான் ஜெயித்திருப்பாள். பெட்டிப் பக்கம் போகாமலே இரண்டு ஓட்டும் எண்ணப்பட்டுவிட்டன. யாரும் யாருக்காகவும் போடவில்லை, பேச்சியின் பக்கம் நோயும் போகவில்லை. அம்மன் புண்ணியத்தில் பேச்சிக்குச் சுகப்பிரசவம். மகளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பின், மஞ்சள் வாசனையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்த வடிவு முதல் கையெழுத்துப் போட்டது பால் மிஷினுக்கு. "மதினி பேசுனதை ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டவளுக்குத்தான் தெரியும். இதை வாங்கலைன்னா அவங்க மறுபடியும் ரோட்டோரம் வந்து உக்காந்திருவாங்க" என்றாளாம்.