எப்படிக் கறுப்பு?

"அம்மா, என் முடிக்குப் பழைய நிறம் வரணும். குருபூஜைக்குள்ள வந்தாகணும்!"

தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே தணிகாசலம் கேட்டார். கையில் திருநீற்றுத் தட்டு. அதைக் கீழே வைக்க அவருக்கு மனசில்லை. வைத்த நேரம் பார்த்து மடத்தின் இன்னொரு சீடர் வைரவன் எடுத்துக்கொண்டால்?

மடத்துத் தலைவி சாமியம்மா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"துண்டை எடு."

எடுத்தார். அடேயப்பா! உச்சியில் சோளக்குஞ்சம் மாதிரி மஞ்சள். ஓரமெல்லாம் பாசிப்பச்சை. காதுப் பக்கம் ஒரு மாதிரி ஊதா.

"என்னப்பா செஞ்சே?"

செய்தது இதுதான். வருகிற சனமெல்லாம் வைரவன் காலில் போய் விழுகிறது. மடத்துக்கு முதலில் வந்தவர் தணிகாசலம். வயதிலும் அவர்தான் மூத்தவர். ஆனால் வைரவனுக்கு நாற்பதிலேயே தலை வெளுத்துவிட்டது. தலை வெளுத்தவன் பெரிய ஞானியாம்! தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே டவுன் சலூனுக்குப் போய் முடியை வெளுத்துக்கொண்டார். வெள்ளை வரவில்லை, மஞ்சள் வந்தது. பதறிப்போய்க் கறுப்பு டை அடித்தார். அது தலைக்கு ஊற்ற ஊற்றப் பச்சையாய் இளித்தது.

"சலூன்காரன் கையை விரிச்சுட்டாம்மா. பழைய நிறம் வேணும்னா இனி முளைச்சுத்தான் வரணுமாம். இந்தத் தலையோட உட்கார்ந்து திருநீறு கொடுத்தா சனம் சிரிக்கும். தட்டு அவன் கைக்குப் போயிடும்."

"பழைய நிறம் எது?"

"கறுப்பு."

"எப்படிக் கறுப்பு?"

தணிகாசலம் முழித்தார். "கறுப்புன்னா... கறுப்புதாம்மா."

"வைரவன் முடி?"

"அதுவா? நெத்திக்கு மேல இலவம்பஞ்சு. உச்சியில லேசா சாம்பல். பிடரியில இன்னும் நாலஞ்சு கறுப்பு ஒளிஞ்சிருக்கும்மா, குளிச்சுட்டு வரும்போது பார்த்தா தெரியும்."

சாமியம்மா சிரிக்கவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வைரவா! இவன் முடி முன்னால எப்படி இருந்துச்சுன்னு இவனுக்கே மறந்துபோச்சாம். உனக்கு ஞாபகம் இருக்கா?"

வைரவன் வாசலுக்கு வந்தார். அந்தத் தலையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மறக்குமாம்மா? வெறும் கறுப்பா அது? வெயில் பட்டா உள்ளுக்குள்ள செம்பு மின்னும். இடது காதுக்குப் பின்னால ஒரு சுழி. என்னைவிட ஆறு வயசு மூத்தவர், ஒரு நரை கிடையாது. சனம் 'தாத்தா'ன்னு என் காலில் விழும்போதெல்லாம் நான் இவர் தலையைத்தான் பார்த்துட்டிருப்பேன். வயிறு எரியும்மா."

தணிகாசலம் திருநீற்றுத் தட்டை வைரவனிடம் நீட்டினார்.

வைரவன் வாங்கவில்லை. அவர் கை, தணிகாசலத்தின் இடது காதுக்குப் பின்னால் அந்தச் சுழியைத் தேடிக்கொண்டிருந்தது.