அழாத ஊரின் உப்பு

ஒரு நாட்டில் ஓர் அரசன் இருந்தான். பெயரைச் சொல்லி அவனுக்குப் பெருமை சேர்ப்பானேன்? கருங்கரடு என்ற மலையடிவாரத்து ஊருக்கு மட்டும் அவன் மாதாமாதம் இலவசமாக உப்பு அனுப்பினான். ஊரே வாயார வாழ்த்தியது. எத்தனையோ ஊர் இருக்க நமக்கு மட்டும் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சும்மா வருவதை யார்தான் கேள்வி கேட்பார்கள்?

அந்த ஊரில் பிறந்து, கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் செங்கமலம். தம்பி கொம்பையாவின் மகன் கிணற்றில் விழுந்து இறந்துபோனான் என்று ஆள் வந்து சொன்னதும் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். வாசலில் நின்று கைகளை விரித்துப் பெருங்குரலெடுத்து அழுதாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீட்டுப் பெண்கள் எழுந்துவந்து, தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழவேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. கூடத்தில் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவனைப் பெற்றவள் ஆவுடை, முறத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிக்கீகளா?" என்றாள்.

வந்திருந்த பெண்கள் அந்த வருஷத்து விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணிலும் ஈரமில்லை. அரண்மனை வைத்தியர் ஒருவர் மட்டும், பிணத்தைப் பாராமல் ஆவுடையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா விழுந்தான்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மதினி. கிணத்துச் சுவர்ல ஏறி நடந்தான். விழுந்துட்டான்."

சொல்லிவிட்டு, பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்தாள்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு ஊர் கலைந்ததும், செங்கமலம் வைத்தியரை வழிமறித்தாள். "எங்க வீட்ல என்னத்தைத் தேடுறீக வைத்தியரே? உண்மையைச் சொல்லாம ஒரு அடி நகர முடியாது."

அவரும் எத்தனை நாள்தான் நெஞ்சுக்குள் வைத்திருப்பார்? கொட்டிவிட்டார். அரசன் போருக்குப் போகப்போகிறான். பக்கத்தில் நிற்பவன் செத்து விழுந்தாலும் கலங்காத வீரர்கள் வேண்டும். அதற்கான வேரைப் பொடித்து உப்பில் கலந்து, இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

"நாடு பிழைக்க வேண்டுமே அம்மா. கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? அதனால் கேட்கவில்லை" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இது மாற்று மருந்து. கஞ்சியில் கலந்து கொடு. சொல்லிவிட்டுக் கொடுக்காதே, குடிக்க மாட்டாள்." திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

கொம்பையா வண்டியோட்டி. வெளியூர்ச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளுபவன் என்பதால் அவனுக்கு மட்டும் கண்ணீர் மிச்சமிருந்தது. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தான். செங்கமலம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆத்திரப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ எழுந்துபோய் உப்புச் சட்டியை எடுத்து வந்தான்.

"அவளை விட்டுரு அக்கா. அவளாவது நிம்மதியா இருக்கட்டும். எனக்கும் இதுதான் வேணும்" என்று உப்பை அள்ளி அள்ளித் தின்றான். பார்க்கச் சகிக்கவில்லை.

செங்கமலம் ஆவுடையிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஆவுடை பொறுமையாகக் கேட்டாள். "எனக்கு என்ன மதினி குறைச்சல்? அந்த மருந்து வேண்டாம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, ஆவுடைக்கு மிச்சமிருந்த ஒரே பெண்குழந்தை கிணற்றுச் சுவரில் ஏறியது. செங்கமலம் பாய்ந்து போய் அதை வாரி அணைத்தாள். ஆவுடை இருந்த இடத்திலிருந்து வேடிக்கை பார்த்தாள்.

"பிரியமா இருந்தா நீங்களே கொண்டுபோய் வளத்துக்கோங்க" என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் செங்கமலம் பொட்டலத்தைக் கஞ்சியில் கலந்து கொடுத்துவிட்டாள்.

ஆவுடை குடித்தாள். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கை அப்படியே நின்றது. பிறகு எழுந்த அலறலில் கொட்டிலில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தரையில் முட்டிக்கொண்டாள். பெண்குழந்தையை இழுத்து, மூச்சுமுட்ட மடியில் இறுக்கினாள். பிறகுதான் செங்கமலத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேண்டாம்னு சொன்னேனே மதினி! யாரைக் கேட்டுக் குடுத்தீக?"

செங்கமலம் நகரவில்லை.

நாட்டுக்காக என்று சொல்லி, கேட்காமலே கொடுத்தவர் வைத்தியர். வலிக்காதவளை வலிக்கவைக்க வேண்டாம் என்றவன் கொம்பையா. கேட்டுவிட்டு, மறுத்த பிறகும் கொடுத்தவள் செங்கமலம். இதில் யார் செய்தது சரி? வைத்தியர் செய்ததும் செங்கமலம் செய்ததும் ஒன்றுதானா?

விடை: செங்கமலம் செய்ததே சரி. வைத்தியரின் உப்பு, "ஏன் கொடுத்தாய்?" என்று கேட்கும் மனத்தையே பறித்துக்கொண்டது. ஆவுடையின் வாயிலிருந்து வந்த மறுப்பும் அந்த உப்பின் பேச்சுதான். கொம்பையா இரக்கப்பட்டே அரசன் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். செங்கமலம் கொடுத்ததோ, கொடுத்தவளையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் சக்தி. கேள்வி வந்தபோது ஓடாமல் நின்றவளும் அவள் ஒருத்திதான். ஆனால் சரியானதைச் செய்தவளுக்கு மன்னிப்பும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆவுடை சாகும்வரை செங்கமலத்தோடு பேசவில்லை. அதுவும் சரிதான்.