பதினேழாம் வரி

மீன்பிடிப் படகுக்கு வழிகாட்டும் கணினிப் பெட்டி அது. அணையச் சொன்னால் சில நேரம் அணையாது. பேட்டரி தீர்ந்து, மறுநாள் நடுக்கடலில் படகு திசை தெரியாமல் நிற்கும்.

அதை அணைக்கும் 'டிரைவர்' என்ற சிறு நிரலைச் சுடலைமுத்து திருத்தி எழுதியிருந்தார். எட்டாவதோடு பள்ளியை விட்டவர். பேட்டரி பழுதுபார்த்தே நிரல் கற்றவர். பெட்டியை இயக்கும் மூல நிரலான கெர்னலில் அது சேர வேண்டுமானால், அதைப் பராமரிக்கும் ஜெசிந்தா சரிபார்த்து ஏற்க வேண்டும். அவளுக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஆறு முறை திருப்பிவிட்டாள். பெண் பார்க்கப் போனவன்கூட இத்தனை முறை திரும்பியிருக்க மாட்டான். ஏழாம் முறை ஒரே கேள்வி எழுதியிருந்தாள்: "பதினேழாம் வரி யாருக்கு?"

அன்று மாலையோடு நிரலைச் சேர்க்கும் கெடு முடிகிறது. பெட்டியும் கையுமாக அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"பதினாறாம் வரி கரண்டை வெட்டுது. பதினேழாம் வரி 'வெற்றிகரமாக அணைந்தது'னு திரையில எழுதுது. இதுல என்ன குத்தம் கண்டீங்க டீச்சர்?"

"குத்தமே சொல்லலியே அண்ணாச்சி. யாருக்குன்னுதான் கேட்டேன்."

"பாக்கிறவனுக்கு!" மேசை அதிர்ந்தது. "நாப்பது படகு காத்துக் கெடக்கு. நீங்க வெட்டச் சொன்னதையெல்லாம் வெட்டிட்டேன். இந்த ஒரு வரிய விடுங்க. சரி, 'வெற்றிகரமாக' வேண்டாம், 'அணைந்தது' மட்டும் இருக்கட்டும். இதுக்கு மேல இறங்க மாட்டேன்."

ஜெசிந்தா சிரித்தாள்.

"கண்ணை மூடுங்க அண்ணாச்சி."

மூடினார்.

"தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்," என்றார் வீம்புக்கு.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்போ, என் வரி திரையில தெரிஞ்சா..."

"ம்."

"பெட்டி முழிச்சிக்கிட்டுல்லா இருக்கு!" தலையில் அடித்துக்கொண்டார். "அந்தச் சனியனைத் தூக்கிருதேன்."

"தூக்காதீங்க. படகுக்காரருக்கு அது வேணும்."

பதினேழாம் வரியில் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு 'வெற்றிகரமாக அணைந்தது' என்பதை அழித்துவிட்டு ஒரே சொல்லைத் தட்டினார்: 'அணையவில்லை.'

பெட்டியில் ஏற்றி, அணைத்துப் பார்த்தார்கள். திரை கறுத்தது. சுடலைமுத்து குனிந்து, மூக்கு திரையில் இடிக்கக் காத்திருந்தார்.

"ஒண்ணுமே வரலியே டீச்சர்."

"அதைத்தான் அண்ணாச்சி ஏத்துக்கிட்டேன்."