ஏற்கெனவே போட்ட கையெழுத்து

கண்மாயில் கலக்கும் ஆலைக் கழிவைக் கண்காணிக்கும் குழு அது. ஆலைக்குள் வேலை செய்பவர்கள் ரகசியமாக அனுப்பும் மின்னஞ்சல்களை நம்பியே நடந்தது. குழுவில் ஒவ்வொருவருக்கும் கணினியில் ஒரு சாவி உண்டு. ஒருவருடைய சாவிக்கென்று பூட்டிய கடிதத்தை அவர் மட்டுமே திறக்க முடியும்.

ஆனால் யார் பேரிலும் யாரும் சாவி உண்டாக்கலாம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, சாவியின் நீண்ட எண்ணை உரியவர் வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் தன் திரையில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பிறகுதான் ‘இது இவருடையதுதான்’ என்று, எல்லோரும் பார்க்கும்படி, தன் பேரில் அதில் கையெழுத்திடுவார்.

இதைக் கற்றுக்கொடுத்தவள் செண்பகவல்லி. கற்றுக்கொண்ட ஆவுடையப்பன் அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர், பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இங்கே அவர்தான் அவளை டீச்சர் என்று கூப்பிடுவார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை.

“எல்லாரும் என் சாவியில கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும் போடல. நீங்க போட்டாத்தான் ஆலையில உள்ளவங்க நம்பி எனக்கு எழுதுவாங்க.”

“எழுதி?”

“ஜெபக்கனிக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்க விடமாட்டேன் டீச்சர்.”

ஜெபக்கனி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். அவள் மகன் ஆவுடையப்பனின் மாணவன். கழிவுநீர் அறிக்கையைச் செண்பகவல்லிக்கு என்று பூட்டி அனுப்பினாள். செண்பகவல்லியால் அதைத் திறக்க முடியவில்லை. ஆலை நிர்வாகம் திறந்து படித்தது. திருட்டு வழக்கு. இப்போது சிறையில் இருக்கிறாள்.

“நம்மள்ல எவனோ ஒருத்தன் வித்துட்டான்,” என்றார் ஆவுடையப்பன். “கையில கிடைச்சான்னா…”

செண்பகவல்லி ஒரு துண்டுச் சீட்டில் எண் ஒன்றை எழுதி நீட்டினாள்.

“இந்தச் சாவியில கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் எண்ணைத் தட்டினார். திரையில் செண்பகவல்லியின் பேர் வந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துக்கான கட்டளையைக் கொடுத்தார். இந்தச் சாவியில் நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்றது கணினி.

அவர் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா! உங்களுக்கு நான் எப்பவோ போட்டாச்சு. நீங்கதான் எனக்குப் போடல.”

செண்பகவல்லி தன் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அதில் அவளுடைய சாவியின் எண் இருந்தது.

அவர் இரண்டையும் பார்த்தார். மறுபடியும், விரலை வைத்துப் பார்த்தார்.

“இது உங்க சாவி இல்லையே.”

“இல்லை. என் பேர்ல ஆலைக்காரங்க உண்டாக்கினது.”

“நான் எப்ப இதுல…”

“சித்திரைக் கூட்டத்துல எல்லாரும் வாசிச்சுக்கிட்டு இருந்தோம். பஸ் போயிடும், வீட்ல போய்ப் போட்டுக்கிறேன்னு கிளம்பினீங்க.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. துண்டுச் சீட்டு பறக்காமல் அவர் விரல் அதன் மேலேயே இருந்தது.

“நெட்ல தேடினேன் டீச்சர். உங்க பேர் இருந்துச்சு. பேரைப் பாத்துத்தான் போட்டேன்.”

“என்னை ஜெபக்கனி பாத்ததே இல்லை சார். அவளும் அந்தச் சாவியில இருந்த பேரைப் பாத்துத்தான் நம்பினா.”

“உங்க பேரைத்தானே?”

“இல்லை,” என்றாள் செண்பகவல்லி. “கீழே கையெழுத்துல இருந்த பேரை.”