ஊத்துப்பள்ளத்து குரூப் போட்டோ

பேராசிரியர் குமரகுருவுக்கு ஐம்பது வயது. கல்லூரியின் சமூகப் பொறுப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தனக்கு பிஎச்.டி. வழிகாட்டியாக இருந்த அமலோற்பவம் மேடத்தைத் தேடி ஒரு காலையில் வந்தார். மேடம் ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

“தலைவலியா இருக்கு மேடம். அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருது. நாப்பத்திரண்டு ஸ்டாஃப் இருக்காங்க. கிராமத்துக்குக் கூப்பிட்டா வர்றாங்க, கையெழுத்துப் போடறாங்க, போட்டோவுக்கு நிக்கிறாங்க. ஒருத்தருக்கும் மனசு இல்ல. அந்த மனசை எப்படி வரவைக்கிறது?”

மேடம் எழுந்து செருப்பை மாட்டினார்.

“வண்டியை எடு. ஊத்துப்பள்ளம் போகலாம்.”

ஊத்துப்பள்ளம் கல்லூரி தத்தெடுத்த கிராமம். தத்தெடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சும்மா சொல்லக்கூடாது, வருஷா வருஷம் அறிக்கை அட்டகாசமாக இருக்கும். ஊர்க்காரர்களும் பேராசிரியர்களும் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் முதல் பக்கத்திலேயே வரும். படம் எடுத்த கையோடு வண்டி கிளம்பிவிடும்.

இவர்கள் போய் இறங்கியபோது உச்சி வெயில். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

வேப்பமரத்தடியில் குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்று தாங்களாகவே வரிசை கட்டினார்கள். நடுவில் நாலு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார்கள். முன்வரிசைக்காரர்கள் இரண்டு கையையும் மார்புக்கு நேராகத் தூக்கி, விரல்களை மடக்கிக்கொண்டார்கள். அங்கே பேனர் எதுவும் இல்லை. இல்லாத பேனரைத்தான் பிடித்திருந்தார்கள். எல்லார் உதடும் இறுக மூடியிருந்தது.

“போட்டோ எடுக்க வரலைங்க. போங்க, போய் வேலையைப் பாருங்க,” என்றார் குமரகுரு.

ஒருவரும் அசையவில்லை.

“உன் இடம் காலியா இருக்கு பாரு. போய் நில்லு,” என்றார் மேடம்.

போய் நின்றார். பக்கத்தில் மாதம்மாள் என்ற பெண் நின்றிருந்தாள். எதையாவது பேச வேண்டுமே என்று, “ஏம்மா, கொஞ்சம் சிரிக்கலாம்ல?” என்று கேட்டார்.

“வாயை மூடிக்கிட்டே சிரிங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. பல்லு தெரிஞ்சா படம் நல்லாருக்காதுன்னு.”

உதட்டைப் பிரித்துக் காட்டினாள். பல்லெல்லாம் பழுப்பு, குறுக்கே கோடு கோடாக. அவள் காட்டியதும் முன்வரிசை வாயைத் திறந்தது. பின்வரிசையும் திறந்தது. கிழவர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைவரை எல்லாருக்கும் அதே பல். சின்னச் சத்தம்கூட இல்லை. அப்படி ஒரு அமைதி யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

“முதல் வருஷம் இந்த அடிபம்புத் தண்ணியைப் பாட்டில்ல புடிச்சிக்கிட்டுப் போனீங்களே சார். அது என்ன ஆச்சு?”

என்ன ஆயிற்று என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அது அவருடைய ஆய்வேட்டில் ஓர் அட்டவணை ஆயிற்று. அப்புறம் பிஎச்.டி. ஆயிற்று, பதவி உயர்வும் ஆயிற்று. ஊருக்கு மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

“ரிசல்ட் இன்னும் வரலம்மா,” என்றார்.

“சரிங்க சார்.” குரலில் கோபமே இல்லை. நேரே போய்ப் பம்பை அடித்து, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். “வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க.”

அவருக்குக் கை நீளவில்லை. மேடம் சொம்பை வாங்கி, அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார்.

“ஐயோ மேடம், குடிக்காதீங்க!”

குமரகுரு வரிசையிலிருந்து பாய்ந்து வந்து தட்டிவிட்டார். சொம்பு மண்ணில் உருண்டது.

“ஏன்?”

“அது விஷம் மேடம்! ஃபுளோரைடு லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் இருக்கு. ஒன்றரையைத் தாண்டக் கூடாது. அந்த அட்டவணையைப் பார்த்துட்டு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க!”

“போட்டேன்,” என்றார் மேடம்.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் மேடம் பக்கம் திரும்பின. கைகள் மட்டும் இன்னும் காற்றைப் பிடித்தபடியே இருந்தன.

“நாலரைன்னா என்ன சார்?” என்றாள் மாதம்மாள்.

குமரகுரு மேடத்தைப் பார்த்தார். மேடம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நடந்து போய், வரிசை நடுவில் விட்டிருந்த இடத்தில் நின்றார். தன் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டார்.

“மனசை எப்படி வரவைக்கிறதுன்னு கேட்டியே குமரா. நான் இந்தத் தண்ணியை ஒரு வாய் குடிச்சதும் அந்த மனசு ஓடி வந்துச்சே. வா, வந்து நில்லு. மாதம்மா கேக்குறாங்க. சொல்லு.”