ஒரு கலம் அதிகம்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே நீங்களும்தான்! மலைக்குக் கீழே ஓர் ஆறு ஓடிய காலம் அது. இக்கரையில் புன்னைநாடு, அக்கரையில் இலுப்பைநாடு. இரண்டும் குட்டி நாடுகள். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

புன்னைநாட்டு அரசன் வில்லவராயன் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் அளந்து வந்தான். ஆசிரியர்கள் அதில் பிழைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அதில் கஞ்சி கிடைத்தது.

ஒருநாள் அவனுக்கு ஒரு யோசனை. அக்கரையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்த்துவர ஆள் அனுப்பினான்.

"அறுபது கலம், மகாராஜா."

"அடேயப்பா, அப்படியானால் நான்தான் ஏமாளியா? நமக்கு அறுபத்தொன்று போதும். அப்போதும் நாம்தானே அதிகம்!"

அக்கரை அரசன் சும்மா இருப்பானா? 'அவனே குறைக்கிறான், நான் ஏன் அறுபது கொடுக்கவேண்டும்?' என்று அவன் முப்பதாகக் குறைத்தான். இவன் முப்பத்தொன்று கொடுத்தான். அவன் பள்ளிகளையே இழுத்து மூடினான். இவன் ஒரே ஒரு கலம் கொடுத்தான். மூன்று முறையும், "பக்கத்து நாட்டைவிட ஒரு கலம் அதிகம்!" என்று ஊரெல்லாம் பறை அறைந்தார்கள். வெட்கக்கேடு! அதற்கு ஜனங்கள் கைதட்டவும் செய்தார்கள்.

கடைசியாக மிஞ்சிய ஆசிரியர் மருதவாணர் அரண்மனைக்கு வந்தார்.

"மகாராஜா, ஒரு கலத்தை வைத்து நான் இரண்டு மாதம் சாப்பிடுவேன். அப்புறம் பிள்ளைகளுக்கு யார் எழுத்துச் சொல்லித்தருவது?"

"அக்கரையில் போய்க் கேளும் ஐயா. அங்கே அதுவும் கிடையாது."

அவர் அன்றே மூட்டை கட்டினார். மனைவி மக்களோடு தூரதேசம் போய்விட்டார்.

வருஷங்கள் ஓடின. படித்த இளைஞர்களும் மருதவாணரைப் போலவே பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். எழுத்துத் தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். அரசனும் அரண்மனைக்காரர்களுமோ ஓலை படிக்க ஓர் ஆள் இருக்கிறானே என்று கற்றுக்கொள்ளவே இல்லை. அந்த ஆளும் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான்.

அப்போதுதான் அரசனின் ஒரே மகள் தேமொழி படுக்கையில் விழுந்தாள். ஏழு வயதுக் குழந்தை. காலில் புண், உடம்பெல்லாம் நெருப்பாய்க் காய்ச்சல். மூன்று நாள் வழியில் மலைமேல் இருந்த வைத்தியர், அரசன் அனுப்பிய ஆளிடம் இரண்டு பொட்டலங்களும் ஓர் ஓலையும் கொடுத்தனுப்பினார். ஒன்று வெள்ளைப் பொடி, இன்னொன்று சிவப்புப் பொடி.

"வாயால் என்ன சொன்னார்?" என்று அரசன் அந்த ஆளைக் கேட்டான்.

"எல்லாம் ஓலையில் இருக்கிறது, படித்துவிட்டுக் கொடுங்கள் என்றார் மகாராஜா. எனக்கு எழுத்துத் தெரியாது."

மந்திரி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேனாதிபதி பார்த்தார். பூசாரி பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. அரசன் ஓலையைக் கொடுத்து ஓர் ஆளைப் படகில் அக்கரைக்கு அனுப்பினான். போனவன் அழுதுகொண்டே திரும்பி வந்தான்.

"அங்கேயும் ஒருத்தரும் இல்லை மகாராஜா."

மறுபடி மலைக்குப் போய்வர ஆறு நாள் ஆகும். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. எது எதற்கென்று தெரியாமல், அரசன் கைக்கு அகப்பட்ட சிவப்புப் பொடியைத் தேனில் குழைத்து மகள் வாயில் ஊட்டினான். பொழுது சாய்வதற்குள் அவள் உடம்பு குளிர்ந்துவிட்டது. ஐயோ, அந்தத் தகப்பன் அலறிய அலறல்!

பதினாறாம் நாள் தூரதேசத்து உப்புக்காரி ஒருத்தி வண்டியோடு வந்தாள். எழுத்துத் தெரியும் என்று அவள் சொல்லவே, அரசன் ஓலையை நீட்டினான். அவள் உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

"வெள்ளையை உள்ளுக்குக் கொடுக்கவும். சிவப்பு விஷம், புண்ணுக்கு மேலே பூச மட்டும்."

அரசன் ஓலையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்: "அம்மா, உங்கள் நாட்டில் பள்ளிக்கு எத்தனை கலம் கொடுக்கிறார்கள்?"

"அது தெரியாதுங்க. பிள்ளைகளுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு கொடுப்பாங்க."

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதை அவர்களின் தேவையைப் பார்த்து அளக்காமல், அடுத்தவன் கொடுப்பதைப் பார்த்து அளக்கும் நாடு தன் பிள்ளைகளையே பறிகொடுக்கும்.